வெறும் வயிற்றோடு வரவும்

விமானிப் பயிற்சிக்கு என்னை எடுத்துவிட்டார்கள். ஒரேயொரு நிபந்தனை: மாத முடிவுக்குள் மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் என் இடம் அடுத்தவருக்கு. சுவிஸில், டீட்டிகோனில் எங்களுக்குத் தெரிந்த சனம் முழுக்க, "பிள்ளை பிளேன் ஓட்டப்போகுதாமே?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் அம்மாவிடம் கேட்டு முடித்திருந்தது.

பரிசோதனைக்கு 'நூக்டேர்ன்' ஆக, அதாவது வெறும் வயிற்றோடு, வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. அவருக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. நூக்டேர்ன் சீட்டு ஒட்டிய நோயாளிக்கு ஒரு பிஸ்கட் கூடப் போக விட்டதில்லை. அன்று காலை எனக்குத் தேத்தண்ணியும் தரவில்லை. நேரே கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஐயர் தந்த பஞ்சாமிர்தத்தை இரண்டு கை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மருத்துவர், ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சத்தியமாக அதை உண்மை என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். இரத்தத்தில் சீனி அளவுக்கு மேல் கூட. குடும்பத்தில் யாருக்காவது சலரோகம் இருக்கிறதா? அம்மாவுக்கு இருக்கிறது என்றேன். அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் திரும்ப வரச் சொன்னார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பத்து வயதில் தொடங்கிய ஆசை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, அண்டைக்குக் காலமை நான் என்ன சாப்பிட்டனான்?"

"ஒண்டுமில்லையே. பிரசாதம் மட்டும்தானே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"ஐயோ, அது சாப்பாடே?" என்றார் அம்மா.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். என்னென்ன இருந்தது என்று கேட்டார். வாழைப்பழம், தேன், சர்க்கரை, பேரீச்சம்பழம், நெய்.

"அது காலைச் சாப்பாடு."

"கோயிலில் தந்தது."

"கோயிலில் தந்த காலைச் சாப்பாடு," என்று சொல்லிக்கொண்டே படிவத்தில் எழுதினார்.

இரண்டாவது பரிசோதனை நாளும் அம்மா கோயிலுக்குப் போகாமல் விடமாட்டேன் என்றார். வாசலில் நின்று கும்பிடலாம் என்றேன். கேட்கவில்லை. ஐயர் பஞ்சாமிர்தக் கிண்ணத்தோடு வந்தபோது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சாமியிட்டை வேண்டாமெண்டு சொல்லுறதே?" என்று அம்மா பல்லைக் கடித்தார். பிறகு தன் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். "மகளின்ரையையும் எனக்குத் தாங்கோ ஐயா."

"உங்களுக்குச் சலரோகம் அம்மா!"

"பேசாமல் நில்."

அம்மா அங்கேயே நின்று, முழுதையும் வழித்துச் சாப்பிட்டார்.

பின்னேரம் மருத்துவர் அழைத்தார். எல்லாம் சரியான அளவில் இருந்தது. சான்றிதழ் வரும். கத்திக்கொண்டு அறைக்குள் ஓடினேன். அம்மா தலைசுற்றுகிறது என்று சோபாவில் படுத்திருந்தார். அவருடைய சீனி பார்க்கும் கருவியை எடுத்து அவர் விரலில் குத்திப் பார்த்தேன். இலக்கம் எகிறியிருந்தது. கருவியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"உன்ரை எப்பிடியாம்?"

"சரியாம், அம்மா."

"அப்ப சரி," என்றார். "என்ரை சீனிக் குளிசையை எடுத்துக்கொண்டு வா."