முதலை குதிரையான படம்

மேலட்டை கழன்ற அந்த மாயாஜால நாவலை எனக்கு வாசித்துக் காட்டியவர் சாச்சி, உம்மாவின் தங்கை. கடலடியில் ஓர் இராச்சியம். அதன் ராசா மாணிக்கம் தேடிச் சுழிக்குள் போய் மூன்றாம் அத்தியாயத்திலேயே இறந்துவிடுவான். ராணி அழுது முடித்து, முதலையில் ஏறி, ஜின்களை விரட்டி, மிச்சக் கதை முழுக்கத் தனியே ஆளுவாள். "பொம்புளண்டா இவள்தான் பொம்புள" என்று சாச்சி புத்தகத்தைத் தட்டுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் அது படமாக வந்தது. மருதமுனையில் எங்கள் தெருவில், சவூதியால் வந்த ஒருவர் வீட்டு வீடியோ டெக்கில் ஒரு பின்னேரம் போட்டார்கள். சாச்சியால் வர முடியவில்லை. மீன்பிடிக்கக் கடலுக்குப் போன அவர் புருஷன், சாச்சா, மையித்தாகக் கரை ஒதுங்கி இரண்டு மாதம். சாச்சி வெள்ளைச் சேலையோடு இத்தாவில் இருந்தார். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது.

"ஒண்டும் விடாமப் பாத்துட்டு வந்து சொல்லு மகள்" என்றார். அத்தனை நாளில் அவர் யாரிடமும் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

நான் திரும்பி வந்தது சண்டைக்கு வருவதுபோல.

"சாச்சி, முதலை இல்ல! வெள்ளக் குதிர! கடலுக்குள்ள குதிர ஓடுது!"

சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அல்லாஹ்வே, மூச்சு முட்டலையா அதுக்கு?"

"ஒத்தக்கண் ஜின்னுக்கு ரெண்டு கண்ணும் நல்லா இரிக்கு. பகிடி விட்டுட்டுத் திரியிறான்."

சாச்சி சிரித்துவிட்டார். குசினிக்குள் இருந்து உம்மா எட்டிப் பார்த்தார்.

"ராணி?"

"பாட்டுப் படிச்சிட்டுக் கரையில நிக்கிறா. வேற வேலையே இல்ல."

"சீ, அவளையும் கெடுத்திட்டானுகளா!"

பெரிய குற்றத்தை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். "ராசா மௌத்தாகவே இல்ல சாச்சி. எழும்பி வாறான்."

சுளகு நின்றது. "எப்பிடி வந்தான்?"

"சுழிக்குள்ளால. உடுப்புக்கூட நனையல்ல."

அவரும் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கடைசியில் நானே சொன்னேன்: "புத்தகத்தில போனவன் போனதுதானே? இவனுகள் எப்பிடி மாத்தலாம்?"

"வாயப் பொத்துடி!" என்று உம்மா பாய்ந்து வந்தார்.

"ஏசாதீங்க ராத்தா" என்றார் சாச்சி. பிறகு என்னிடம், "அந்த இடத்த இன்னொருக்காச் சொல்லு மகள். அவள் எங்க நிண்டாள்? இவன் எந்தப் பக்கத்தால வந்தான்?"

சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தரமும் கேட்டபோது எனக்கு விளங்கிவிட்டது: சாச்சி படக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"பொய்க்கதைய எத்தின தரம் சொல்லுற?" என்று எழும்பி வந்துவிட்டேன். இரண்டு நாள் அவரோடு கதைக்கவே இல்லை. ராணிக்காக ஒருத்தராவது கோபமாக இருக்க வேண்டும் அல்லவா?