வெட்டுக்காயப் பூண்டு ஜெல்

எம்.ஃபார்ம் படித்தபோது வெட்டுக்காயப் பூண்டின் சாற்றிலிருந்து புண்ணாற்றும் ஜெல் தயாரிப்பதுதான் என் ஆய்வு. பூச்சிமருந்து படாத இலை வேண்டும். மருந்தடிக்கும் திராட்சைத் தோட்டத்து வரப்புகளில் அப்படிப்பட்ட இலை கிடைக்காது. ராயப்பன்பட்டியில் களையெடுக்கப் போகும் ஓர் அக்கா, மலையடிவாரத் தரிசில் பறித்துச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்து தருவார்.

ஜெல் லேசில் அமையவில்லை. வெறும் ஜெல் கண்ணாடிபோல் இறுகி நிற்கும்; சாற்றைக் கலந்ததும் மோராக நீர்த்துவிடும். பல வாரம் கழித்து ஒருநாள் நீர்க்காமல் நின்றது. அன்று அக்காவும் வந்திருந்தார். பெருமை தாங்காமல் அவர் புறங்கையில் கொஞ்சம் தடவினேன்.

“குளுகுளுன்னு இருக்கே தாயி. நம்ம எலையா இது?” என்றவர் செருப்பைக் கழற்றினார். இடது காலில் சுண்டுவிரலை ஒட்டி ஒரு புண். “முள்ளு குத்துனது. ஆறவே மாட்டேங்குது.”

“சுகர் இருக்காக்கா?”

“பாத்ததில்ல.”

எலிக்குக்கூடத் தடவிப் பார்க்காத மருந்து. கொடுக்கக் கூடாது என்று தெரியும். “ஆஸ்பத்திரில காட்டுங்கக்கா” என்று சொல்லிக்கொண்டே ஒரு டப்பாவில் வழித்துக் கொடுத்தேன்.

மூன்று வாரம் அவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. வீடு தேடிப் போனேன். வாசலில் அவர் மகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா ஆஸ்பத்திரில இருக்கு. சுகராம், கால்ல ரெண்டு வெரல எடுத்துட்டாக. முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாக. யாரோ ஒரு டப்பா மருந்து குடுத்திருக்காக. அதுலயே ஆறிரும்னு இருந்துருச்சு.” துணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “ஒங்களுக்குத் தெரியுமா, யாருன்னு?”

“தெரியாது” என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே மகள் நின்றிருந்தாள். அக்கா என்னைப் பார்த்தார். “எலைக்கு வேற ஆள் பாத்துக்க தாயி” என்றார். டப்பா கொடுத்தது நான்தான் என்று மகளிடம் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

ஜெல் தடவிய எலிகளின் புண் நன்றாகவே ஆறியது. ஆய்வேட்டில் எழுதினேன், பட்டம் வாங்கினேன். இப்போது மாணவர்களுக்கு ஜெல் கிளறிக் காட்டும்போது, பாத்திரத்துக்குள் அந்தக் கால்தான் தெரிகிறது. கை நின்றுவிடும்.

போன மாதம் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் மகள் என்னை அடையாளம் கண்டு வந்தாள். “அம்மா இப்ப நல்லா நடக்குது. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கும். ஒருநா வீட்டுக்கு வாங்க.”

வருகிறேன் என்றேன். இன்னும் போகவில்லை.