பொட்டு வைத்த பியூரெட்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பியூரெட் இருந்தது; அடியில் திருகு வைத்த, அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய். கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டியே கிடக்கும். உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். வருஷத்துக்கு ஒரு தடவை, வாணி விழாவுக்கு மட்டும், வெளியே எடுத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்போம். சந்தனமும் குங்குமமும் நான்தான் வைப்பேன். பூசை முடிந்ததும் மறுபடி பூட்டு. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நாங்கள் ஊற்றியதில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்களுக்குக் கொடுத்ததே ஏடுதானே!

அந்தப் படிப்போடுதான் கம்பஸ் போனேன். தாவரவியல் முக்கியப் பாடம், இரசாயனம் துணைப்பாடம். துணைப்பாடமாவது கையில் இருந்தால் ஊருக்குத் திரும்பி இரசாயனம் படிப்பிக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஆளே இல்லை.

முதல் செய்முறை. குடுவையில் நிறங்காட்டி கலந்த அமிலம், மேலே பியூரெட்டில் காரம். சொட்டுச் சொட்டாக இறக்கி, இளம் ரோஸ் வந்ததும் நிறுத்த வேண்டும். நான் திருகியதும் குபுகுபுவென்று கொட்டிவிட்டது. குடுவை முழுக்கக் கடும் ரோஸ். திரும்பத் திரும்ப அப்படியே.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான யாழ்ப்பாணத்து அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “நீர் துணைப்பாடம்தானே? ஏலாட்டி வேற பாடத்துக்கு மாறும். வாற வெள்ளி திரும்பச் செய்யலாம். அதுதான் கடைசி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் பாதி, அந்த அலுமாரி மேல் மீதி.

அந்த வாரம்தான் வாணி விழா. பஸ் ஏறி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விஞ்ஞான சாருக்கு வாயெல்லாம் பல்.

“கம்பஸ் புள்ள வந்திருச்சு! வாம்மா, நீயே பொட்டு வை.”

பொட்டு ஏற்கனவே வைத்திருந்தார்கள். நான் பியூரெட்டைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்கு நடந்தேன்.

“ஐயோ, என்னம்மா பண்ற? சாமிக்கு வச்சதும்மா!”

திருகு அசையவில்லை. திருகாமலே இறுகிப்போயிருந்தது, பாவம். தேத்தண்ணிக்கு வைத்திருந்த சுடுதண்ணீரை எடுத்து ஊற்றினேன். மெல்லத் திரும்பியது.

“பொட்டு அழியுதும்மா!”

“அழியட்டும் சார். வெள்ளிக்கிழம எனக்கு இது சொட்டணும்.”

ஒரு சொட்டு. நிறுத்தினேன். இன்னொரு சொட்டு. நிறுத்தினேன். சார் பக்கத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை என் குடுவை இளம் ரோஸில் நின்றது. அக்கா ஒப்பம் வைத்தார். சந்தோஷமா வந்தது எனக்கு? ஆத்திரம்தான் வந்தது. அரைமணி நேரத்தில் கைக்குப் பழகுகிற காரியம். அதைத் தொடவிடாமல் எத்தனை வருஷம் எங்களைக் கும்பிட வைத்தார்கள்!