திராட்சை பிழிந்த கை

போன ஞாயிறு ஆராதனையில் என் கைக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி வந்தது. மேலே பளபளவென்று ஒரு மூடி, அதை உரித்தால் ஒரு மிடறு திராட்சரசம். கொரோனா காலத்தில் வந்த பழக்கம், அப்படியே தங்கிவிட்டது. தட்டு வரிசை வரிசையாக நகர்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. கோபம்தான் வந்தது. திருவிருந்து நேரத்தில் கோபப்படுகிற ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், சிரிக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த திருவிருந்து ரசத்துக்கு ஒரு வாசனை உண்டு. அது எங்கள் சந்தாபுரா வீட்டு வாசனை. மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் அம்மா கறுப்புத் திராட்சையைக் கிராம்பு போட்டுக் கொதிக்க வைப்பாள். ஆறியதும் பிழிவது அப்பா. தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகன், பெங்களூருக்கு வந்து லேத் ஓட்டியவர்; அந்தப் பிடிக்குத் திராட்சை எம்மாத்திரம். மறுநாளும் உள்ளங்கை ஊதாவாகவே இருக்கும்.

அந்த ரசம் சபை முழுவதற்கும் போகும், அப்பாவுக்கு மட்டும் கிடையாது. அப்பா குடிப்பார். குடிக்கிறவர் பீடத்துக்கு வரக்கூடாதென்று போதகர் நிறுத்தி வைத்திருந்தார். சபை ஒழுங்கு என்று அதற்குப் பெயர். அதே போதகர்தான், முதல் திருவிருந்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் திடப்படுத்தல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்: இரட்சிப்பு நம் நடத்தைக்குக் கிடைக்கும் கூலி அல்ல, தேவன் சும்மா கொடுக்கும் கிருபை. முதலில் கையைத் தூக்கி ஒப்பித்தவள் நான்தான். அவ்வளவு வேகம் எனக்கு.

நான் முதன்முறை திருவிருந்து எடுத்த ஞாயிறன்று அப்பா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டார். குடித்திருக்கவில்லை, அம்மா காலையிலேயே மோந்து பார்த்துவிட்டாள். போதகர் அப்பத்தை என் கையில் வைத்தார். அடுத்தது அப்பாவின் கை, விரித்த ஊதாக் கை. அதைத் தாண்டி அடுத்தவரிடம் போனார். பிறகு கிண்ணமும் தாண்டிப் போனது. அப்பா கையை மடக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "சும்மா குடுக்கறதுன்னு சொன்னாரே, அப்புறம் இன்னாத்துக்கு இந்தக் கணக்கு?"

"சும்னே இரு கண்ணு," என்றார் அப்பா. அடுப்படியில் உட்கார்ந்து, ரசம் காய்ச்சிய குண்டானின் அடியைப் பன்னால் வழித்துத் தின்றுகொண்டிருந்தவர் அம்மா பக்கம் திரும்பினார். "ஸ்டெல்லா, பாத்தியா? அவங்களுக்கெல்லாம் ஒரு முழுங்கு. எனக்கு ஆண்டவர் குண்டானோடயே குடுத்துட்டாரு."

"அதுல பாதி சக்கை," என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அப்பா சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பின் மேலும் கோபம். இன்றும்தான். கிருபையைப் பற்றி ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன் நான். வாலிபர் கூட்டத்தில் கூப்பிட்டே பேச வைக்கிறார்கள். அந்தப் போதகருக்கு என்று வரும்போது மட்டும் என்னிடம் ஒரு துளிகூட இல்லை. தகுதியில்லாதவருக்குக் கொடுப்பதுதான் கிருபை என்று தெரியும். தெரிந்தேதான் கோபப்படுகிறேன்.

போதகர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அம்மா இப்போது திராட்சை வாங்குவதில்லை, குண்டான் பரண்மேல் கிடக்கிறது. இந்தக் குப்பிகள் வருவதற்கு முந்தின வருடம்தான் அப்பாவை அடக்கம் செய்தோம். போன ஞாயிறு தட்டு கடைசி பெஞ்சுவரை போனது. குப்பிகள் மிஞ்சின.