குரலுக்கு எடை போட்டவர்

லாரியின் சரக்கின்மேல் நாய் ஒன்று படுத்திருந்தால், அதை இறக்கிவிட்ட பிறகே எடைச்சீட்டு எழுதுபவர் அவர். ஒருமுறை அப்படித்தான் ஒரு நாய் இறங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒளிர்ந்த எண்ணில் இருபது கிலோ குறைந்தது.

"இருபது கிலோவுல என்னண்ணே ஆகிடப்போகுது?" என்று ஓட்டுநர் அலுத்துக்கொண்டார்.

"நாய் சிமெண்டு இல்லையே தம்பி" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கிடங்குகள் வரிசையாக நிற்கும் சாலையின் முகப்பில், இரும்புத் தட்டு பதித்த எடைமேடையில் அவர் பணியில் சேர்ந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே ஓட்டுநர்கள் வைத்த பெயர் கிலோ. எங்கள் அமெச்சூர் வானொலிக் கழகத்திலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உறுப்பினர் பதிவேட்டில் இருக்கும் இயற்பெயரைச் சொல்லி அழைத்தால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். ஒரு லாரி ஓட்டுநர், கரகரக்கிறது என்று சொல்லிச் சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்றை அவருடைய அறையில் வைத்துவிட்டுப் போனார்; பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. இரண்டு லாரிகளுக்கு இடையே கிடைக்கும் ஓய்வில் அதன் குமிழைத் திருகிக்கொண்டிருந்தவர், ஒருநாள் இருவர் பேசிக்கொள்வதைக் கேட்டார். ஒருவர் மற்றவரிடம், "உங்கள் குரல் இங்கே நான்கு, ஆறு" என்றார். முதல் எண் தெளிவுக்கு, ஐந்துதான் உச்சம். இரண்டாவது எண் வலிமைக்கு; அதற்கு ஒன்பது உச்சம். இந்த விவரமெல்லாம் அவருக்குப் பின்னர்தான் தெரிந்தது. அப்போது தோன்றியது ஒன்றுதான்: எங்கோ ஒரு மனிதர் குரலுக்கு எடை போடுகிறார். மறுவாரமே எங்கள் படியேறி வந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

காற்றலையில் பேசுவதற்கான உரிமத் தேர்வில் மூன்றாம் முறைதான் தேறினார். முதல் இரண்டு முறையும் எழுதிய விடைகளில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால், "தோராயமாக" என்று கேட்ட கணக்குகளுக்கெல்லாம் ஐந்து தசம இடம்வரை போட்டதால், ஐம்பது வினாக்களில் முப்பத்தொன்றை எட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது.

எங்கள் கழகம் ஒரு சலவை நிலையத்தின் மொட்டைமாடி அறையில் இயங்குகிறது. இருபத்திரண்டு இரும்புப் படிகள். கழற்றிய கதவு ஒன்றை இரண்டு மரக்கால்களின்மேல் கிடத்தி மேசையாக்கியிருக்கிறோம். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையின் வழியாகக் கம்பிகள் கீழே இறங்குகின்றன. சன்னலுக்கு வெளியே சலவை நீராவி எழும்பிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஒலிபரப்புப் போட்டி காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் உலகெங்கும் உள்ள நிலையங்களுள் எத்தனையுடன் தொடர்பு கொள்கிறோமோ அத்தனை புள்ளிகள். இருவரும் குரலின் அளவையும் தத்தம் தொடர்பின் வரிசை எண்ணையும் பரிமாறிக்கொண்டால் ஒரு தொடர்பு முடிந்தது.

பதினோரு உறுப்பினர்களுக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம். தலைவரான பல் டாக்டரம்மாவுக்கு மட்டும் இரண்டு. ஒரு மணி நேரத்தில் நாற்பது தொடர்புகளேனும் பெறாதவருக்கு அடுத்த இரண்டு ஆண்டுகள் ஒலிவாங்கி இல்லை. இது நான் செயலாளனான பிறகு எழுதிய விதி. ஓர் ஆண்டு, உறுப்பினர் ஒருவர் தம் ஒரு மணி நேரம் முழுவதையும் வேற்று நாட்டுக்காரர் ஒருவருடன் மூட்டுவலித் தைலம் பற்றிப் பேசியே கழித்துவிட்டமையால் அவ்விதி தேவைப்பட்டது.

நான்கு போட்டிகளில் கிலோ ஆன்டெனாக் கம்பம் நிறுத்தினார், கயிறு இழுத்தார், தேநீர் வாங்கி வந்தார். ஐந்தாவது போட்டியில்தான் உரிமத்துடன் நாற்காலியில் அமர்ந்தார். பதினொன்று முதல் பன்னிரண்டு வரை அவருடைய நேரம். அதற்கென்று வேலைக்கு விடுப்பு எடுத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பேருந்து நடத்துநரான அவர் மனைவியும் காலை வண்டியை முடித்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து, கதவோரமாக ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அமர்ந்துகொண்டார். மனைவியின் தம்பி, குழாய் வேலை செய்பவர், வெளியே கம்பத்தின் அடியில் நின்றார். ஆன்டெனாவைத் திசை பார்த்துத் திருப்பும் வேலை அவருடையது.

ஒரு வழக்கத்தை இங்கே விளக்கியாக வேண்டும். சாதாரண நாள்களில் குரலின் அளவை நாங்கள் உள்ளது உள்ளபடிதான் சொல்வோம். போட்டியில் மட்டும், உலகம் முழுவதும், எல்லாரும் எல்லாருக்கும் "ஃபைவ் நைன்" என்றே சொல்வார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டாலும் ஃபைவ் நைன்தான். நேரம் மிச்சம். தொடர்புகளைப் பதியும் கணினி நிரலே 59 என்று முன்கூட்டி நிரப்பிவைத்திருக்கும். அன்று அதன் முன்னே அமர்ந்திருந்தவன் நான்.

கிலோவின் அழைப்புக்கு முதலில் பதில் தந்தவர் மிகத் தொலைவிலிருந்து, இரைச்சலுக்கு நடுவே பேசினார். எங்களுக்கு ஃபைவ் நைன் கொடுத்தார். கிலோ கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு நிதானமாக, "உங்களுக்கு மூன்று, நான்கு" என்றார்.

மறுமுனைக்காரருக்குப் புரியவில்லை. "திரும்பச் சொல்லுங்கள்" என்றார் அவர். கிலோ திரும்பச் சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். நான் 59-ஐ அழித்து 34 என்று அடித்தேன். காற்றலையில் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன்.

இரண்டாமவருக்கு நான்கு, ஏழு. மூன்றாமவருக்கு இரண்டு, மூன்று; அவர் கோபித்துக்கொண்டு வரிசை எண்ணைத் தராமலேயே போய்விட்டார். பத்து நிமிடத்தில் நான்கு தொடர்புகள் தேறின.

டாக்டரம்மா பொறுமையிழந்து எழுந்து வந்தார். காலை முதல் மணியில் தொண்ணூற்றாறு தொடர்புகளை அள்ளியவர் அவர்.

"கிலோ, எல்லாருக்கும் ஃபைவ் நைன் சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருங்க. அது வணக்கம் மாதிரி. வணக்கம்னு சொல்றப்ப நிஜமாவா வணங்குறோம்?"

"நான் நிஜமாத்தான் வணங்குறேன் டாக்டர்."

"ஐயோ சாமி. இன்னும் ஐம்பது நிமிஷம்தான் இருக்கு. நாற்பது வேணும்."

"தெரியும் டாக்டர். ஆனா அந்த ஆளு குரலு ஒன்பது இல்லையே. ஒன்பதுன்னு எப்படிச் சொல்றது?"

பெயிண்ட் டப்பாவிலிருந்து மனைவி பேசினார். "வீட்லயும் இதே கதைதான் டாக்டர். புதுசா ஒண்ணு உடுத்திக்கிட்டு எப்படி இருக்குன்னு கேட்டா, இடது பக்கம் ஒரு விரக்கடை தூக்கியிருக்குன்னு சொல்வாரு. போய்க் கண்ணாடியில பார்த்தா தூக்கித்தான் இருக்கும். அதான் இன்னும் எரிச்சல்."

இருபத்தெட்டாவது நிமிடத்தில் ஒன்பது தொடர்புகள். வெளியிலிருந்து மைத்துனர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மாமா, அடுத்த வருஷமும் கயிறு என்கூடத்தானா? நல்ல கையுறையா ரெண்டு சோடி பார்த்து வைக்கிறேன்."

கிலோ சிரிக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்திருந்த கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். ஐந்தாண்டுக் காத்திருப்பு அந்த ஒரு கையில் வியர்த்துக்கொண்டிருந்தது. அடுத்து அழைத்தவர் ஒரு தீவிலிருந்து பேசினார். கிலோ ஒரு நொடி தயங்கி, தரையைப் பார்த்தபடி "ஃபைவ் நைன்" என்று சொல்லிவிட்டார். வரிசை எண்களும் மாறின. ஏழே நொடி. டாக்டரம்மா நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார்.

அடுத்தவரை அழைக்க வேண்டிய கிலோ, தீவுக்காரரையே மறுபடி அழைத்தார்.

"மன்னிக்கவும். நீங்கள் ஐந்து, ஒன்பது இல்லை. நான்கு, மூன்று. நான் தவறாகச் சொல்லிவிட்டேன்."

டாக்டரம்மா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

தீவுக்காரரின் குரல் மெல்ல வந்தது. "காலையிலிருந்து எண்பது பேர் எனக்கு ஐந்து, ஒன்பது கொடுத்துவிட்டார்கள். ஆனால் நான் கூப்பிட்டால் மூன்றில் ஒருவருக்குத்தான் கேட்கிறது. என்னவென்றே புரியவில்லை. என் குரல் அங்கே எப்படி இருக்கிறது, கொஞ்சம் சொல்ல முடியுமா?"

"ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு சொல் அமுங்குகிறது. லாரியின் பின்சக்கரம் தட்டில் முழுதாக ஏறாவிட்டால் எண் குதிக்குமே, அந்த மாதிரி. எங்கேயோ ஓர் இணைப்பு சரியாக உட்காரவில்லை."

"பார்த்துவிட்டு வருகிறேன்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்தொன்று; பத்துத் தொடர்புகள். அந்த ஒருவருக்காக இரண்டு நிமிடம் போயிருந்தது. அடுத்த ஏழு நிமிடத்தில் இரண்டே தொடர்புகள் கிடைத்தன. பிறகு தீவுக்காரர் திரும்பி வந்தார், அறையே அதிர்ந்தது.

"கம்பத்தின் அடியில் இணைப்பு ஒன்று கழன்றிருந்தது. உள்ளே எறும்புக் கூடு. இப்போது?"

கிலோ கண்ணை மூடிக் கேட்டார். "ஐந்து, எட்டு."

"ஒன்பது இல்லையா?"

"எட்டு."

தீவுக்காரர் சிரித்த சிரிப்பில், குரலின் வலிமை காட்டும் அளவுமானியின் முள் இருமுறை துள்ளியது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிராது. மைத்துனர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே ஓடிவந்தார். எந்த நிலையம் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று வானொலிக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதி அறிவித்துக்கொள்ளும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. அதில் தீவுக்காரர் எழுதியிருந்தார்: "இந்த அலைவரிசையில் ஒருவர் உண்மையான அளவு சொல்கிறார். என் கோளாற்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்."

பிறகு நடந்ததை எங்கள் அறை அதற்கு முன் கண்டதில்லை. கிலோ அழைப்பை முடித்து விசையிலிருந்து விரலை எடுத்ததும் பதினைந்து இருபது குரல்கள் ஒன்றாகப் பாய்ந்து வந்தன. எடைமேடை வாசலில் காலை ஏழு மணிக்கு லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கும் காட்சி அவருக்குப் பழக்கம். அதனால் அவர் மிரளவில்லை. ஒவ்வொருவராக உள்ளே விட்டார். "நான்கு, ஆறு." "ஐந்து, ஏழு, கொஞ்சம் கரகரப்பு." "இரண்டு, இரண்டு. ஆனாலும் வரிசை எண் கிடைத்துவிட்டது, நூற்றுப்பதினான்கு." யாரும் கோபிக்கவில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கூடத் திரும்பி வந்து, "சரி, அந்த இரண்டு, மூன்றையே கொடுங்கள்" என்று வாங்கிக்கொண்டார்.

"தம்பி, கொஞ்சம் கிழக்கே" என்றார் கிலோ, திரும்பாமல்.

"இதோ போய்த் திருப்புறேன் மாமா. கம்பம் பழசு, கொஞ்சம் ஆடும்."

மனைவி பெயிண்ட் டப்பாவை இழுத்துக்கொண்டு என் நாற்காலிக்கு அருகே வந்துவிட்டார். பேருந்தில் பயணிகளை எண்ணுவதுபோல் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். இருபத்தைந்து. முப்பத்திரண்டு. பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு முப்பத்தொன்பது.

நாற்பதாவதாக வந்த குரல் மிக மெலிந்தது. நிலையத்தின் பெயர் கிடைத்தது. வரிசை எண் இரைச்சலில் மூழ்கியது. கிலோ இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை அந்தக் குரலே காணாமற்போனது. முள் நகரவில்லை. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது.

"இருநூற்று ஏழுன்னுதான் என் காதுல விழுந்துச்சு" என்றார் டாக்டரம்மா.

"எனக்கு விழலையே டாக்டர்." அவர் என் பக்கம் திரும்பினார். "எழுதாதீங்க சார்."

நான் எழுதவில்லை. முப்பத்தொன்பது என்றே பதிவாயிற்று. அவர் எழுந்து, நாற்காலியைத் துடைத்து, டாக்டரம்மாவுக்கு வழிவிட்டார். மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்.

டாக்டரம்மா வழக்கம்போல் புயலாகத் தொடங்கினார். முதலில் வந்தவருக்கு ஃபைவ் நைன். "நன்றி. உண்மையில் எவ்வளவு?" என்று அவர் கேட்டார். அடுத்தவருக்கும் ஃபைவ் நைன். "முன்பு இருந்தவர் எங்கே? இருபது நிமிடமாக வரிசையில் நிற்கிறேன்" என்றார் அவர். மூன்றாமவர், தம் புதிய ஆன்டெனாவை முன்பிருந்தவரிடம் காட்டத்தான் வந்திருப்பதாகவும், சற்றுக் காத்திருக்கத் தயாராயிருப்பதாகவும் தெரிவித்தார்.

டாக்டரம்மா காதொலிப்பானைக் கழற்றிக் கதவுமேசையில் வைத்தார்.

"கிலோ, கையைக் கழுவிட்டு வாங்க. உங்க கூட்டத்தை நீங்களே பார்த்துக்கோங்க. என் ஒரு மணி நேரம் உங்களுக்கு."

"விதி இருக்கே டாக்டர். முப்பத்தொன்பதுதானே."

"விதி அடுத்த வருஷத்துக்குத்தானே? இன்னைக்கு என் நேரத்தை நான் யாருக்கு வேணும்னாலும் கொடுப்பேன். என்ன செயலாளர், சரிதானே?"

விதியை எழுதியவன் நான். அதில் அதற்குத் தடை இல்லை. இல்லை என்று சொன்னேன்.

கிலோ வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு அமர்ந்தார். அந்த மணியில் எழுபத்து நான்கு. அவ்வாண்டு எங்கள் கழகத்திற்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை, பதினேழாம் இடம். ஆனால் அடுத்த மாதக் கூட்டத்தில் நாற்பது என்னும் விதியை நீக்கும் தீர்மானத்தை டாக்டரம்மா முன்மொழிந்தார். ஒருவர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார். அவர் கிலோ. விதியென்றால் விதி என்பது அவர் வாதம். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார்.

அடுத்த போட்டிக்கான நேரப்பட்டியலை நேற்று எழுதி முடித்தேன். டாக்டரம்மா தம் இரண்டாவது மணியை அவருக்கு விட்டுத் தந்துவிட்டார். பட்டியலைப் பார்த்த அவர் மனைவி, பத்து முதல் பன்னிரண்டு வரை என்றால் சாப்பாட்டைப் பதினொன்றரைக்குக் கொண்டுவருவதா பன்னிரண்டுக்கா என்று கேட்டார்.

"பன்னிரண்டு மூணுக்குக் கொண்டு வா" என்றார் கிலோ. "கை கழுவ மூணு நிமிஷம் ஆகும்."