ருவைஸிலிருந்து ஜெபல் அலிக்கு ஏழு பெட்டி இசைத்தட்டு

அன்று பிக்கப் வண்டியில் மூன்று பேர். ஓட்டியவன் குமரேசன், என் ரூம்காரன், புதுக்கோட்டைப் பக்கம். பின் சீட்டில் கல்பனா மேடம், கோயம்புத்தூர்க்காரர், டீச்சர். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறார். முன்னால் நான்.

காலை ஆறு மணிக்கு ருவைஸில் கிளம்பினோம். துபாய்ப் பக்கம் ஜெபல் அலித் துறைமுகம் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாடகை நானூறு திர்ஹம். மேடத்தின் ஏழு பெட்டி இசைத்தட்டுகளை அங்கே கப்பல் சரக்கில் சேர்க்க வேண்டும். குமரேசனுக்கு அங்கேயே இன்னொரு வேலை: ஒரு கம்பெனிக்கு ஆறு வண்டி விடும் ஒப்பந்தத்தில் கையெழுத்து. இருப்பது ஒரே வண்டி. அதுவும் விசா கொடுத்த கஃபீல் பெயரில், தவணை இவன் தலையில். மீதி ஐந்தையும் கடனில் எடுப்பானாம். கம்பெனி பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வரும். அதுவரை டீசல்? டிரைவர் சம்பளம்? எனக்கு ராத்திரியே தூக்கம் போய்விட்டது. எட்டாவதோடு நின்ற நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

தாரிஃப் பக்கம் பெட்ரோல் பங்கில் டீ, ஒன்றரை திர்ஹம். வெயில் ஏறிவிட்டது. மனசு கேட்காமல் பின்னால் தார்ப்பாயைத் தூக்கினேன். பெட்டி கட்டியது நான்தான். லீவில் போகிறவன் பெட்டியைக் கட்டுவதுபோல, தட்டுகளைப் படுக்க அடுக்கி, முழங்காலால் அழுத்தி, நைலான் கயிற்றை இறுக்கியிருந்தேன். கயிறு அட்டைக்குள் இறங்கிக் கிடந்தது. பிரித்தால், மேலே இரண்டு தட்டு அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

“கெடுத்துட்டேன் மேடம்.”

அவர் ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “நிக்க வெச்சு அடுக்கோணுங்க. நானும் சொல்லாம விட்டுட்டேன். வாங்க, எல்லாத்தையும் மாத்திரலாம்.”

நிழலில் உட்கார்ந்து மூவரும் மாற்றி அடுக்கினோம். எல்லாத் தட்டிலும் ஒரே சேவல் முத்திரை.

“எல்லாம் ஒரே கம்பெனியா மேடம்?” என்றான் குமரேசன்.

“அமெரிக்காவுல ஒரு ரேடியோ ரிப்பேர் கடைங்க. புருசன், பொண்டாட்டி ரெண்டே பேரு. பெரிய கம்பெனிக கதவைத் தொறக்காத கறுப்பினப் பாடகருங்களக் கூப்பிட்டு, கடைக்குப் பின்னாலயே பாட வெச்சாங்க. எதிரொலி வேணும்னா குளியலறையில நிக்க வெப்பாங்களாம். தட்டைக் கார் டிக்கியில போட்டு ஊர் ஊரா வித்தாங்க.”

“இப்ப இருக்கா?”

“மூடிட்டாங்க.”

“பாட்டு ஓடலையாக்கும்.”

“ஒண்ணு ரொம்ப ஓடிருச்சுங்க. அதுலதான் மூடுனாங்க.”

“நல்லா கதை விடுறீங்க.”

“நெசங்க. நாடு பூரா தட்டு கேட்டாங்க. அச்சடிக்கிற ஆலைக்கு உடனே காசு குடுக்கோணும். கடைக்காரங்க மாசக்கணக்குல இழுத்தாங்க, விக்காததத் திருப்பி வேற அனுப்புனாங்க. கடன் வாங்கி வாங்கி அடிச்சாங்க. ரேடியோவுல பாட்டு ஓடிட்டு இருக்கறப்பவே கடை போயிருச்சு. பாடுனவங்களுக்கும் பாக்கி.”

குமரேசன் கடைசிப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். அபுதாபி தாண்டியும் ஸ்டியரிங்கில் விரலால் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினான். எனக்கு அது வேறு பயம்.

ஜெபல் அலியில் பெட்டிகளை நிமிர்த்தியே இறக்கினோம். வளைந்த இரண்டு தட்டுக்கும் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். “இதுவும் பாடுமுங்க. கொஞ்சம் ஆடிட்டே பாடும்,” என்று நானூறையும் முழுதாகக் கொடுத்துவிட்டு மேடம் விடைபெற்றார்.

குமரேசன் கம்பெனிக்குள் போய்க் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

“ஆறு வண்டி மாஃபி, முடியாதுன்னுட்டேன். இருக்கற ஒரு வண்டிய ஓட்டுறேன், வாரா வாரம் காசு குடுங்கன்னேன். மேனேஜர் சிரிக்கிறான்டா.”

“தர்றானா?”

“கலாஸ், முடிஞ்சுது. வேற ஆளு பாத்துக்கிறானாம்.”

முகம் தொங்கிப் போயிருந்தது. ஆறு வண்டிக்காரனாக அவனைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன். திரும்பும் வழியில், தெரிந்ததையே மறுபடி கேட்டேன், இந்த வண்டிக்கு இன்னும் எவ்வளவு தவணை பாக்கி என்று.

“பதினோராயிரத்து நானூறு திர்ஹம். அவ்வளவுதான்.”