எங்கள் கேட்டில் தொடங்கிய பூக்கள்

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கையே கிடையாது, கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான் எங்கள் தெரு, ஆனால் சத்தமே வராது. பதினோரு தூங்குமூஞ்சி மரங்கள், ஒன்பது பெரிய வீடுகள், ஒன்பது கேட்டும் எப்போதும் சாத்தியிருக்கும். 2009இல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினேன், தெரு நெடுக பிணத்துக்கு இறைத்த பூவும் பொரியும் கிடந்தன, எந்த வீடு என்று பார்த்துக்கொண்டே வந்தால், ஐந்தாவது மரத்தடியில், எங்கள் கேட்டில்தான் அது தொடங்கியிருந்தது.

மாடி வராந்தாவில் என் மனைவி நின்றிருந்தாள். அவளை உயிரோடு பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"இன்னாங்க இது, ஊர் பொணத்துக்கு நீங்க ஏன் கொள்ளிச்சட்டி தூக்கினு போறீங்க? ஈர வேட்டியோட?"

"நானா? மருந்துக் கடையிலேர்ந்து இப்பத்தான வர்றேன்!"

"எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சா போச்சு? அத்தினி வாட்டி கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"பாடையில யாரு?"

"மூஞ்சி தெரியல. ஒரே மாலை."

மகன் இருக்கிறவளுக்குப் புருஷன் கொள்ளிச்சட்டி தூக்குவதில்லை. கல்யாணமாகாத மகன் செத்தால் தகப்பன் தூக்குவான். எங்களுக்கு ஒரே மகன், கல்யாணமாகவில்லை, திண்டிவனத்திலிருந்து பைக்கில் ஹைவேயில் வந்துகொண்டிருந்தான்.

அவனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. பொழுது சாயும்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"இன்னாப்பா, பதினேழு மிஸ்டு கால்? லவ்வர்கூட இவ்ளோ அடிக்க மாட்டா!"

அவன் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் ஒன்பது வீட்டையும் விசாரித்துவிட்டேன், எங்கள் தெருவில் யாருமே சாகவில்லை.

மூன்று வருஷம் கழித்து என் மனைவி போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு மகன்தான் ஈர வேட்டியோடு முன்னால் நடந்தான், சட்டி அவன் கையில் இருந்தது, முறைப்படி.

அப்படியானால் அவள் அன்று என் கையில் பார்த்த சட்டி யாருக்கு? மகனுக்குப் பெண் பார்ப்பதெல்லாம் இதுவரை தட்டித்தான் போகிறது. சனிக்கிழமை மத்தியானமானால் இன்றைக்கும் நாற்காலியைக் கேட்டருகே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன், அவன் பைக் சத்தம் கேட்கும்வரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பூ ஏதாவது கிடக்கிறதா என்று.